ஒரு கோடு குறைவு

பாலக்கோட்டில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊரார் விவரங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. பெயர், அப்பா பெயர், கதவு எண், பின்கோடு என்று கடகடவெனச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ரத்த வகை என்ற கட்டம் வந்ததும் ஒரு நிமிடம் நிற்பார்கள். அப்புறம், "ஓ பாசிட்டிவ் போடுங்க மேடம், எல்லாருக்கும் அதுதானே" என்பார்கள். போன மாதம் ஓட்டுநர் உரிமத்துக்கு வந்த ஒரு பையன், "ஏ, பி, சி எதையாச்சும் அடிச்சு விடுங்க" என்றான். சி என்று ஒரு வகையே கிடையாது தம்பி என்றேன். "அப்போ பி" என்றான்.

நான் அடித்து விடுவதில்லை. லேப் சீட்டு இருந்தால் நிரப்புவேன், இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுவேன். "அந்த மேடம் ரொம்ப ரூல்ஸ் பேசும்" என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பேசட்டும்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியில் அடையாள அட்டை போட்டார்கள். ரத்த வகை தெரியாதவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார் ஆசிரியர். வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் வகை தெரியும். லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் ஒருமுறை வண்டி கவிழ்ந்து கால் முறிந்தபோது பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், பி பாசிட்டிவ் என்று. "எனக்கு அதான், உனக்கும் அதேதான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த பரிசோதனை. மறுநாள் ஆசிரியர் பி எழுதிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார். பள்ளி அட்டையைப் பார்த்துக் கல்லூரி அட்டை, அதைப் பார்த்து இன்னொன்று. பதினைந்து வருடம் அந்தக் கூட்டல் குறியோடு சுற்றியிருக்கிறேன்.

2014இல் கல்யாணம். காரிமங்கலம் பக்கத்தில் மாமியார் வீடு. அடுத்த வருடமே கரு தங்கியது. பதினாலாவது வாரத்தில் ஒரு ராத்திரி வயிற்று வலியும் ரத்தப்போக்குமாக ஆரம்பித்து, விடிந்ததும் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். ஸ்கேனில் துடிப்பு இல்லை. கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி பண்ணிவிடலாம் என்றார்கள். படிவத்தை நிரப்பியது என் வீட்டுக்காரர். ரத்த வகை கேட்ட இடத்தில், என் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்து, பி பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார். அதை வாங்கியவர்கள் என் விரலில் ஒரு ஊசி குத்திச் சரிபார்த்திருக்க வேண்டும். குத்தவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சாயங்காலம் தொடங்கி 72 மணி நேரம் என் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியமானது என்பது அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. படுத்திருந்தேன். அத்தை ரசம் சோறு பிசைந்து கொண்டுவந்து வைத்தார். "தலைவிதி, விடு. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத, அடுத்தது தங்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார்.

அடுத்த வருடம் மறுபடி நாள் தள்ளியது. இம்முறை ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பார்கள். கிராம சுகாதார செவிலியரை நாங்கள் நர்சம்மா என்போம். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, எச்ஐவி, மஞ்சள் காமாலை என்று ஒவ்வொன்றாக "நெகட்டிவ், நெகட்டிவ்" என்று படித்துக்கொண்டே வந்து கடைசியில், "ரத்த வகை பி நெகட்டிவ்" என்றார் நர்சம்மா.

"எல்லாமே நெகட்டிவா? நல்லதாப் போச்சு, மாரியாத்தா" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அட்டையை எடுத்து, "இது எத்தனாவது?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அத்தையிடமிருந்து வந்தது.

"முதல் தாங்க. தலைச்சன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நர்சம்மா அட்டையில் 'பிரைமி' என்று எழுதினார். முதல் கர்ப்பம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அட்டையில் பாசிட்டிவ் என்று இருக்கிறதே, அரசாங்க ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றார் மாமா. தருமபுரியில் ஒரு லேபில் மறுபடி பார்த்தோம். பி நெகட்டிவ்தான். அப்பா பாசிட்டிவ், அம்மா பாசிட்டிவ், பெண் மட்டும் எப்படி நெகட்டிவ் என்று அடுத்த கேள்வி. அத்தை அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஓரகத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது எனக்குப் புரிந்தது.

அதற்கான பதில் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஏ, பி, ஓ என்பது ஒரு கணக்கு. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது அதற்குச் சம்பந்தமில்லாத வேறு கணக்கு. சிவப்பணுவின் மேல் டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒரு மரபணு. இரண்டில் ஒன்று டி என்றாலே ஆள் பாசிட்டிவ். அதனால் டி இல்லாத இன்னொன்று உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்தால் நான்கில் ஒரு குழந்தைக்கு இருபக்கமும் டி இல்லாமல் போகலாம். இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர் வாக்கில் நெகட்டிவ். வெள்ளைக்காரர்களில் பதினைந்து பேர். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சாதாரணம் என்பதால் ஒளிந்திருக்கும் இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்க வாய்ப்பு கூடுதல். என் அப்பா கட்டியதும் அக்கா மகளைத்தான். என் அம்மாவைப் பெற்ற ஆயாதான் என் அப்பாவுக்கு அக்கா. ஆகவே ஆயா எனக்கு அத்தையும்கூட. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நெகட்டிவாக இருப்பதால் பெண்ணின் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பத்தியம் கிடையாது, மாத்திரை கிடையாது. சிக்கல் வயிற்றில் இருக்கும் பிள்ளை பாசிட்டிவாக இருந்தால்தான். என் வீட்டுக்காரர் ஓ பாசிட்டிவ். பிள்ளை அவரைக் கொண்டால் அதன் ரத்தத்தில் டி இருக்கும். அவரும் நெகட்டிவாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

கர்ப்ப காலத்தில் தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. ஆனால் பிரசவத்திலும், கரு கலையும்போதும், டி அண்ட் சி செய்யும்போதும், வயிற்றில் பலமாக அடிபட்டாலும் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயிடம் வந்துவிடும். மிகக் கொஞ்சமே போதும். டி-யைப் பார்த்திராத தாயின் உடம்பு, யாரடா இந்தப் புது ஆள் என்று முகம் பார்த்து வைத்துக்கொள்ளும். அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். இது நடந்து முடிய வாரக்கணக்கு ஆகும், முதலில் உருவாகும் வகை நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அதனால் தலைச்சன் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக வந்தால்தான் ஆபத்து. இப்போது உடம்பு தயாராக இருக்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டும் வகை ஆன்டிபாடி உள்ளே போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். பிள்ளைக்கு ரத்தசோகை, பிறந்ததும் கடுமையான மஞ்சள், மிக மோசமானால் உடம்பெல்லாம் நீர் கோத்து வயிற்றிலேயே இறப்பு.

தலைச்சன் தப்பிவிடும் என்றேன் அல்லவா. எனக்கு எது தலைச்சன்?

அந்த வாரம் முழுக்க இதுதான் மனதில் ஓடியது. அட்டையில் பிரைமி என்று இருக்கிறது. பிரைமி என்றால் டாக்டர் நிம்மதியாக இருப்பார். ஆனால் என் ரத்தத்துக்குத் தெரியும், இது இரண்டாவது என்று. ஊரிடம் மறைக்கலாம், நர்சம்மாவிடம் மறைக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். கூட்டம் குறையும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நர்சம்மா பிரைமியை அடித்துவிட்டு 'ஜி2 ஏ1' என்று எழுதினார். இரண்டாவது கர்ப்பம், ஒன்று கலைந்தது என்று பொருள். "வயித்துல தங்கினது எல்லாம் கணக்குதான் கண்ணு. உசுரோட இருக்கறத மட்டும் எண்ணினா எங்களுக்கு வேலை ஓடாது" என்றார். அப்புறம் எத்தனை வாரத்தில் கலைந்தது, சுத்தம் செய்தார்களா, ஊசி போட்டார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஐசிடி எழுதிக் கொடுத்தார்.

ஐசிடி என்பது மறைமுக கூம்ப்ஸ் சோதனை. 1945இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ப்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தது. தாயின் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகிவிட்டதா என்று காட்டும். என்னைப் பொறுத்தவரை அது, போன வருடம் நடந்ததை என் உடம்பு எழுதி வைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மாதிரியை தருமபுரிக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அத்தை செய்த களியும் கீரைக் குழம்பும் தொண்டையில் இறங்கவில்லை.

நெகட்டிவ் என்று வந்தது. இந்த நெகட்டிவ் நல்ல நெகட்டிவ். அத்தை முதல்நாள் கும்பிட்டதை நான் இப்போது கும்பிட்டேன்.

இதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ஊசியே இல்லாத காலத்தில் பாசிட்டிவ் குழந்தையை முழு மாதத்தில் பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் நூற்றுக்குப் பதினாறு பேர் வாக்கில் ஆன்டிபாடி உண்டாக்கிக்கொண்டார்கள். கலைந்த கருவில் அது குறைவு. அதற்காக விட்டுவிடலாம் என்று இல்லை. 12 வாரத்துக்குள் செய்யும் கருக்கலைப்புக்கு இந்த ஊசி வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது, ஆனாலும் நம் பக்கம் பல டாக்டர்கள் அப்போதும் போடுகிறார்கள். 12 வாரத்தைத் தாண்டினால் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. எனக்குப் பதினாலு வாரம். போட்டிருக்க வேண்டும்.

ஐசிடி பாசிட்டிவாக வந்திருந்தால் பாதை வேறு. ஆன்டிபாடியின் அளவை அடிக்கடி பார்ப்பார்கள். பிள்ளையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளப்பார்கள். ரத்தம் குறைந்து நீர்த்தால் ஓட்டம் வேகமாகும், அதை வைத்து வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ரத்தசோகை என்று கண்டுபிடிப்பார்கள். தேவைப்பட்டால் தொப்புள்கொடி வழியாக வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவதை 1963இல் நியூசிலாந்தில் வில்லியம் லைலி என்ற டாக்டர் முதன்முதலில் செய்தார். அவர் பிள்ளையின் வயிற்றுக்குள் ஊசி விட்டு ஏற்றினார். இப்போதும் நம் பக்கத்தில் அதற்கு பெங்களூரு, சென்னை மாதிரிப் பெரிய ஊருக்குப் போக வேண்டும்.

ஊசிக்கு வருகிறேன். பெயர் ஆன்டி டி. 28 வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. அந்தச் சின்னப் புட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. உள்ளே இருப்பது அதே ஆன்டிபாடிதான். எது பிள்ளையைக் கொல்லுமோ அதையே கொஞ்சமாகத் தாய்க்குப் போடுகிறார்கள். அது வந்து சேர்ந்த பிள்ளையின் அணுக்களைத் தாயின் உடம்பு முகம் பார்ப்பதற்கு முன்பே துடைத்துவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் எழுந்து பார்ப்பதற்குள், ராத்திரி யாரோ வந்துபோன கால்தடத்தை வாசல் பெருக்கி அழிப்பது மாதிரி. தாயின் உடம்பு தானாக ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொண்ட பிறகு எத்தனை ஊசி போட்டும் புண்ணியமில்லை.

1960களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு குழுவும் நியூயார்க்கில் ஒரு குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. லிவர்பூல் குழுவின் தலைவர் சிரில் கிளார்க், வண்ணத்துப்பூச்சி வளர்த்து அவற்றின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர். பூச்சியில் தொடங்கிப் பிள்ளைகளில் வந்து முடிந்திருக்கிறார். ஊசி 1968இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சரி, அதற்கு ஆன்டிபாடி எங்கிருந்து கிடைத்தது? ஏற்கனவே அது உடம்பில் உண்டாகிவிட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியிலிருந்து. ஆரம்ப காலத்தில் கொடுத்தவர்களில் பலர், இதே காரணத்தால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 2018 வரைக்கும் 1173 முறை கையை நீட்டியிருக்கிறார். அவர் தானத்தால் 24 லட்சம் குழந்தைகள் பயன்பெற்றிருக்கும் என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொல்கிறது. 2025இல்தான் இறந்தார். செய்தி படித்த அன்று என் பையனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "யாரும்மா இந்தத் தாத்தா?" என்றான். சொந்தக்காரர் என்றேன்.

எனக்கு 28 வாரம் முடிந்த நாள் 2016 நவம்பர் 9. முதல் நாள் ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஊசி சுகாதார நிலையத்தில் கைவசம் இல்லை, வெளியே வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்கென்று வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்தது முழுக்க 500 ரூபாய்த் தாள். அன்றைக்கு பேங்க் இல்லை, ஏடிஎம் இல்லை. தருமபுரியில் மூன்று மெடிக்கலில் ஏறி இறங்கியிருக்கிறார். இரண்டில் மருந்து இல்லை, மூன்றாவதில் மருந்து இருந்தது, தாளை வாங்க மாட்டேன் என்றார்கள். ராத்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "கையில காசு இருக்கு, ஆனா காசு இல்ல" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 28 என்றால் அன்றைக்கே போட்டாக வேண்டும் என்பதில்லை, 30 வாரத்துக்குள் போடலாம் என்று நர்சம்மா போனில் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

காசு கடைசியில் எங்கிருந்து வந்தது தெரியுமா? அத்தையின் அரிசிப் பானையிலிருந்து. மாட்டுப் பால் ஊற்றிய வகையில் சேர்த்த நூறும் ஐம்பதும் பத்தும். சுருட்டிச் சுருட்டி வைத்திருந்ததை நீவி நீவி எண்ணிக் கொடுத்தார். போன தடவை கலைந்ததை நான் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

இந்த ஊசியை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், வெயிலில் கொண்டுவரக் கூடாது, உறையவும் கூடாது. தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, மருந்து ஐஸைத் தொடாதபடி துணியில் சுற்றி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் தெரிந்தவர்கள் மீனா என்று கேட்டார்களாம்.

பிரசவம் ஜனவரி 25 சாயங்காலம். ஆண் குழந்தை. தொப்புள்கொடி ரத்தத்தை உடனே எடுத்து வகை பார்க்க அனுப்ப வேண்டும். எடுத்தார்கள். மறுநாள் குடியரசு தினம், விடுமுறை. முடிவு 27ஆம் தேதி மதியம் வந்தது, பி பாசிட்டிவ். ஊசி வாங்கி வந்து போட 28ஆம் தேதி காலை. நான் மணிக்கணக்கு எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன், ஏறக்குறைய 62 மணி நேரம். தாமதமானால் பத்து நாள் வரைக்கும் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். பையனுக்கு லேசாக மஞ்சள் இருந்தது. இளவெயிலில் காட்டினால் போதும் என்றார்கள் பார்க்க வந்தவர்கள். டாக்டர் நீல விளக்கின் கீழே இரண்டு நாள் வைத்தார். சரியாகிவிட்டது.

என் கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரண்டஹள்ளி பக்கத்தில் எங்கள் ஊர். ஆயாவுக்கு இரண்டு பிள்ளைகள், என் அம்மாவும் சின்ன மாமாவும். இருவருக்கும் எட்டு வருட இடைவெளி. நடுவில் சிலது தங்கவில்லை என்று தெரியும். எத்தனை, என்ன ஆனது என்று யாரும் பேச மாட்டார்கள். சின்ன மாமா பிழைத்தது வேண்டுதலால் என்பார்கள், அவருக்கு அதனால் சாமி பெயர். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் மாவட்டத்தில் பெண் சிசுக்கொலை நடக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். தொட்டில் குழந்தைத் திட்டமும் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. அப்போது ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண், "உங்க ஆயா மட்டும் என்ன, கள்ளிப்பால் காய்ச்சாமலா அத்தனை போச்சு?" என்றாள். பத்துப் பன்னிரண்டு வயதில் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஆயா சோறு போட்டபோது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2021இல் ஆயா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தருமபுரி பெரியாஸ்பத்திரி. அறுவை சிகிச்சைக்கு ஒரு பை ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். வகை பார்த்தால் பி நெகட்டிவ். எழுபது வயதுக்கு அப்போதுதான் ஆயாவுக்கு ரத்த வகை என்று ஒன்று கிடைத்தது. என்னிடம் இருந்த கணக்கு அந்த நிமிடமே நேராகிவிட்டது. ஆயா இருபக்கமும் டி இல்லாதவர். ஆகவே அம்மாவுக்குள் ஒன்று ஒளிந்திருந்தே ஆக வேண்டும். ஆயாவின் தம்பியான அப்பாவுக்குள்ளும் அதே வீட்டுச் சொத்து.

சின்ன மாமாவும் பி நெகட்டிவ்தான், ஓசூரில் வேலை, அங்கே ரத்தம் வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்க மாட்டார்கள். நான் போனேன். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு 12.6. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊரில் பெண்களுக்கு ரத்தமே ஏறுவதில்லை என்று நர்சம்மா அடிக்கடி சொல்வார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு போடு என்று என் கர்ப்ப காலம் முழுக்க விரட்டியவர் அவர்தான். அந்தப் புள்ளி ஒன்று அவர் கணக்கு.

நான் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கையில் ரத்த வங்கியின் டெக்னீஷியன் பக்கத்தில் வந்து நின்றார். "பாட்டிக்கு முன்னாடி எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" இல்லை என்றேன். நெகட்டிவ் கிடைக்கத் தாமதமானால், இந்த வயதில் இனிப் பிள்ளை பெறப் போவதில்லை, அவசரத்துக்கு பி பாசிட்டிவ் கொடுக்கலாமா என்று கிராஸ் மேட்ச் போட்டு, அதாவது இரண்டு ரத்தத்தையும் சேர்த்து, பார்த்திருக்கிறார்கள். கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டதாம். "கொடுக்கவே முடியாது. ஆன்டி டி இருக்கு" என்றார்.

ஆன்டி டி. ஐஸில் சுற்றி வந்த டப்பாவின் மேல் அச்சடித்திருந்த பெயர்.

"எத்தனை பிரசவம் பாட்டிக்கு?"

"ரெண்டு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இ-சேவை மையத்தில் கர்ப்பிணிகளைப் பதியும்போது எத்தனாவது என்று கேட்டால், கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அவரை நிறுத்தி, "அவங்க சொல்லட்டும்மா" என்பேன். அப்படிப்பட்ட நான் ஆயாவுக்குப் பதில் நானே சொல்லிவிட்டேன். இருங்கள், கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். ரத்தம் எடுத்து முடிந்து, அவர்கள் கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

ஆயா காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குனிந்து, "ஆயா, உனக்கு மொத்தம் எத்தனை பிரசவம்னு கேக்கறாங்க" என்றேன்.

முதலில் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயா வலதுகைக் கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"உங்கம்மா. அப்புறம் ஒரு பையன், மஞ்சக் கிழங்காட்டம் பொறந்தான், மூணாம் நாள் போயிட்டான். அதுக்கடுத்தது பொண்ணு, வயித்துலயே. உடம்பெல்லாம் தண்ணி. அடுத்ததும் அப்படித்தான், பையன். கடைசியில உன் மாமன்." எண்ணி முடித்தார். "அஞ்சு."

முதல் பிரசவம் 1971. ஊசி அமெரிக்கக் கடைகளுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ரத்தம் சேராததால் நடந்தது ஆயா, உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம், எனக்கு ஊசி இருந்தது என்று மட்டும் சொன்னேன். தாத்தாவுக்குள்ளும் டி இல்லாத ஒன்று ஒளிந்திருந்து, கடைசிப் பிள்ளைக்கு அது வந்ததால் அது தப்பியது என்றும் சொன்னேன். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, பாதிக்குப் பாதி வாய்ப்பில் எது எப்போது வரும் என்று யார் கண்டது.

ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப பால்ல ஒண்ணுமில்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் மெதுவாகச் சொன்னார். மஞ்சளாகப் பிறந்த பையன் போனதும், இவள் பாலில்தான் விஷம் என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியாக மாமா பிறந்தபோது ஒரு சொட்டு கொடுக்கவிடாமல் ஆட்டுப் பாலில் வளர்த்திருக்கிறார்கள். மார்பில் துணியைக் கட்டிக்கொண்டு ஆயா கொட்டகையில் படுத்திருந்தாராம்.

"பால்ல ஒண்ணுமே இல்ல ஆயா. இந்த மாதிரி இருந்தாலும் பால் தாராளமாக் குடுக்கலாம்."

"ம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். நான் கொடுத்த பையே அவருக்கு வருகிறதா, அது வேறு யாருக்கோ போய் வேறொரு பை வருகிறதா என்று கேட்டுவிட்டு வரலாம் என்று இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். "அஞ்சுன்னு எழுதிக்கிட்டாங்களா?"

"இனிமேதான் போய்ச் சொல்லணும் ஆயா."

"போய்ச் சொல்லிட்டு வா."